கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா

அத்தியாயம் பன்னிரண்டு

பொம்மி கணவரோடு கடல் தாண்டி வந்து ஆறு நாள் ஆகிறது. போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வரி: கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, இப்போதுதான் நாத்தனாருக்கு அவளை விருந்துக்குக் கூப்பிட மனசு வந்திருக்கிறது. டிக்கெட் அனுப்பி, விமான நிலையத்துக்கே வந்து, கட்டிப்பிடித்து, "என் தம்பி பொண்டாட்டி" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள். அந்தக் கட்டிப்பிடியில் எங்கேயோ ஒரு ஊசி இருக்கிறது என்று பொம்மிக்கு அன்றைக்கே பட்டது. ஊசியோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? எங்கே இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

பொம்மி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. துணிப் பொம்மை செய்கிறவள் என்பதால் தெரு வைத்த பேர். உடம்பைத் தைத்துப் பஞ்சு அடைக்க யாராலும் முடியும். முகம்தான் பொம்மியின் வித்தை. எதிரே ஒருவர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், உள்ளங்கை அகலத் துணியில் அவரை நூலால் பிடித்துவிடுவாள்.

கணவருக்கு நிலம் அளக்கிற உத்தியோகம். எந்த வேலி எத்தனை அங்குலம் தப்பி நிற்கிறது என்று நாலு ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற சர்வேயர். அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் எல்லை எங்கே என்று கேட்டால் மட்டும் சங்கிலியைச் சுருட்டி வைத்துவிடுவார்.

ஆறு நாளில் படகுச் சவாரி ஆயிற்று, முந்நூறு படி ஏறிப் பாலம் பார்த்தது ஆயிற்று. ஏழாம் நாள் காலையில் நாத்தனார் ஒரு சாம்பல் நிற உடையைக் கொண்டுவந்து பொம்மியின் கட்டிலில் வைத்தாள். இன்றைக்குப் போகிற இடத்துக்கு அவளுடைய மஞ்சளும் பச்சையும் எடுக்காதாம். கையோடு ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, சொன்னால் சப்பென்று போய்விடும் என்றாள்.

பிறகு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, போகிற போக்கில் சொல்கிற மாதிரி சொன்னாள். "அங்கே யாராவது ஏதாவது கேட்டா நீ சிரிச்சா போதும் பொம்மி. பாஷை தெரியாத ஊர்ல வாயைத் திறக்காம இருக்கிறதுதான் அழகு."

மேஜையின் மறுமுனையில் மாமியார் டீயில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளோடு இந்த ஊரில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு மாதம் மகன் வீட்டுக்கு வந்து, உப்பு கூட, காரம் குறைவு என்று கணக்குத் தீர்த்துவிட்டுத் திரும்புவாள். மருமகள் கையால் செய்த எதையும் அவள் வாயால் நல்லது என்று சொன்னதில்லை. அன்றைக்கும் காது கேட்காதவள் மாதிரியே இருந்தாள்.

பொம்மி மஞ்சள் உடையிலேயே கிளம்பினாள். நாத்தனாரின் புருவம் உயர்ந்ததும், "குளிருக்குக் கோட்டு போட்டுக்கறேன் அண்ணி. கலருக்காக எதையும் மாத்திக்க வேண்டாம்" என்றாள். சர்வேயர் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். மாமியாரும் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

ஊரின் நடுவில் கடிகாரக் கோபுரம் இருந்தது. அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிற கூட்டம். பொம்மியும் பார்த்தாள். நாலு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது. அப்பா இருந்திருந்தால் யாரையாவது கெஞ்சிக் கூத்தாடி உள்ளே ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கோபுரத்துக்கு எதிரே மூன்று மாடிச் செங்கல் கட்டடம். நகரத்து அருங்காட்சியகம். வாசலில் கோட்டுகளை வாங்கிக்கொண்டு நம்பர் போட்ட வில்லை கொடுத்தார்கள். குளிருகிறது என்று பொம்மி மட்டும் தன்னுடையதைக் கழற்றவில்லை. நாத்தனாரைப் பார்த்ததும் காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, யாரையோ பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வேகமாக உள்ளே போய்விட்டாள். நீங்கள் முதல் மாடியைப் பாருங்கள் என்று தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

முதல் மாடிக் கூடத்தின் வாசலிலேயே நாத்தனாரின் படம், ஆள் உயரத்துக்கு. கையில் ஊசி பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்ததைப் பார்த்ததும் பொம்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டடி உள்ளே வைத்ததும் சிரிப்பு நின்றது.

நீளமான கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் தெரு நின்றுகொண்டிருந்தது.

கட்டை விரலில் சுட்ட தழும்போடு இஸ்திரிக்காரர். ஒரு காதில் மட்டும் கம்மல் போட்ட பால்காரம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் காணோம் என்று தேடுகிற டியூஷன் வாத்தியார். உதட்டை இறுக்கிக்கொண்டு மாமியார். விசா வாங்காமல், பெட்டி படுக்கை கட்டாமல், எல்லோரும் பொம்மிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார்கள்.

வருஷா வருஷம் மாமியார் திரும்பும்போது, மகளுடைய சிநேகிதிகளின் குழந்தைகளுக்கு என்று இரண்டு மூன்று பொம்மைகள் கேட்டு வாங்கிப் போவாள். பொம்மியும் சந்தோஷமாகக் கொடுத்து அனுப்புவாள். எந்தக் குழந்தை எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறதோ என்று நினைத்துப் பார்ப்பாள். ஒரு குழந்தையும் கட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் இங்கே, விளக்கு வெளிச்சத்தில், எழுத்துப் பலகையோடு.

"என்னங்க எழுதியிருக்கு? படிங்க."

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் அக்கா வீட்டில் தங்கியிருந்ததில் சர்வேயருக்கு இந்த ஊர்ப் பாஷை வரும். தயங்கினார். அவள் விடவில்லை. மேலே பெரிய எழுத்தில் இருந்தது, மறைந்துபோன ஊரின் மனிதர்கள் என்ற தலைப்பாம். கீழே பொடி எழுத்தில் ஒரு கதை. ஆறு பெருகி ஒரு கிராமத்தை முழுங்கிவிட்டதாம். அந்தக் கிராமத்தில் தப்பித்த கடைசிப் பெண், இறந்துபோனவர்களை நினைவிலிருந்து பொம்மையாகச் செய்து உயிர் கொடுக்கிறாளாம். கடைசிப் பெண்ணின் பேர் இருந்த இடத்தில் நாத்தனாரின் பேர்.

"எந்த ஊருங்க மறைஞ்சுபோச்சு?" என்றாள் பொம்மி. "இஸ்திரிக்காரர் நேத்துதான் போன் பண்ணாரு. மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில காயற துணியை எடுத்து வச்சுட்டேன்னு சொன்னாரு. அவரை எப்பங்க ஆறு அடிச்சுட்டுப் போச்சு?"

ஒவ்வொரு பலகையாகப் படிக்க வைத்தாள். இஸ்திரிப் பெட்டியை ஆயுதம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, இஸ்திரிக்காரர் ஊர்க் காவலன் ஆகியிருந்தார். வாத்தியார் குறி சொல்கிறவர். மாமியாரின் பலகைக்கு வந்ததும் சர்வேயர் படிப்பதை நிறுத்தினார். மாமியாரே பக்கத்தில் வந்து, தனக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். ஊர்ப் பெரியம்மா என்று போட்டிருப்பதாகச் சொன்னார். மாமியார் மகனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து கூடத்து வாசலில் நின்ற காவலாளி பக்கம் போய்விட்டாள்.

மனைவியின் காதோடு அவர் உண்மையைச் சொன்னார். சூனியக்காரி.

வேறு நாளாக இருந்தால் பொம்மி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆனால் அவள் கண் அதற்குள் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. இருபத்து மூன்றாவது பொம்மை.

சுருங்கிய சட்டைக் காலர். ஒரு பக்கம் சாய்ந்த தலை. வலது கண் இருக்கிற இடத்தில் கறுப்புக் கோட்டுப் பித்தான்.

அப்பா.

கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். அலமாரி அகலத்தில் ஒரு கடை. நாள் முழுக்க வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தே இருப்பார். கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கடிகாரங்களுக்கும் தினம் காலையில் சாவி கொடுத்து வைப்பார். அவங்க நேரத்தை நான் நிறுத்தி வைக்கக் கூடாது இல்லையா என்பார். அவர் இறந்துபோன வருஷம், அவருடைய கோட்டிலிருந்தே பித்தானை அறுத்துப் பொம்மி இந்தப் பொம்மையைச் செய்தாள். இதை யாருக்கும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன வருஷம் அலமாரியில் இருந்து ஒரு நாள் காணாமல் போயிற்று. ஒரு மாசம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். சர்வேயரும் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் எல்லாம் தவழ்ந்து தேடினார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"விடு பொம்மி."

"படிங்க."

"ஒற்றைக்கண் திருடன்னு போட்டிருக்கு."

பொம்மி கண்ணாடியில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அப்பா எப்படி இங்கே வந்தார் என்று கேட்டாள். அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அக்காவைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காகிதக் கோப்பைகளில் காப்பியோடு அவளே வந்தாள். பொம்மியின் முகத்தைப் பார்த்ததும் கோப்பைகளை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, இருவரையும் மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப் போனாள்.

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒத்திகை பார்த்து வைத்த மாதிரி வரிசையாகச் சொன்னாள். வந்த புதிதில் இந்த ஊரில் அவளை ஒரு மனுஷியாக யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவள், அவ்வளவுதான். ஒரு நாள் பொம்மை ஒன்றை ஜன்னலில் வைத்திருந்தாள். எதிர் வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, நீங்கள் செய்ததா என்று கேட்டாள்.

"ஆமான்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு ஆமா. அதுக்கப்புறம் இல்லைன்னு சொல்ல எனக்கு இடமே கிடைக்கலை."

அந்த இடத்தில் பொம்மிக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அடுத்த வார்த்தையில் அது போய்விட்டது. மூன்று மணிக்குக் கூடத்தில் நாற்பது பேர் முன்னால் நாத்தனார் முகம் தைத்துக் காட்ட வேண்டும். இரண்டு தடவை கை சுளுக்கு என்று தள்ளிப் போட்டாயிற்று. மூன்றாம் தடவை தள்ள முடியாது. அதனால் பொம்மி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தால், முன்னால் நின்று அவள் காட்டிவிடுவாள்.

"அதுக்குத்தான் டிக்கெட்டா அண்ணி?"

"குடும்பத்துக்குள்ள உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு பொம்மி?"

"ஒண்ணும் இல்லைன்னா என் பேரையே போட்டிருக்கலாமே."

சர்வேயர் இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டினார். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், வந்த இடத்தில் வேண்டாம், அக்காவுக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது என்றார். சின்ன வயதில் அக்காதான் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், அவருக்குப் பள்ளிக்கூடம் காட்டியவள். அது பொம்மிக்கும் தெரியும். ஒன்பது வருஷமாக அதற்கு மரியாதை கொடுத்துத்தான் வந்திருக்கிறாள்.

"இருபத்திரண்டு பொம்மை நான் கொடுத்தது" என்றாள். "அதுல உங்க பேரைப் போட்டுக்கிட்டதைக்கூட நான் எப்படியாவது முழுங்கியிருப்பேன் அண்ணி. என் அப்பாவைத் திருடன்னு எழுதி, ஊரைக் கூட்டிக் காட்டறீங்க. அதை முழுங்க எனக்குத் தொண்டை இல்லை."

நாத்தனாருக்கு இப்போதுதான் முகம் வெளுத்தது. அது யாரென்று தனக்குத் தெரியாது என்றாள். பித்தானைப் பார்த்து ஒற்றைக்கண் என்று நினைத்தாளாம். உண்மையாகத்தான் இருக்கும். தம்பியின் மாமனாரை அவள் பார்த்ததே இல்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை.

மூன்று மணிக்குப் பொம்மி என்ன செய்வாள் என்று அவள் கேட்டாள். பொம்மி ஊசிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள்.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்னால் நீள மேஜை. அதன் மேல் முகம் இல்லாத துணித் தலைகள் பத்துப் பன்னிரண்டு, வரிசையாக. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மாள் ஒலிபெருக்கியில் ஏதோ பேசினாள். நீள முகம், மோவாயில் ஒரு குழி, கழுத்தில் சங்கிலியோடு தொங்குகிற மூக்குக் கண்ணாடி. ஒரு புருவம் மற்றதைவிட ஒரு நூல் மேலே நின்றது. அவ்வளவு கோபத்திலும் பொம்மியின் கண் அதை அளந்துகொண்டது. பழக்கம் யாரை விட்டது!

நாத்தனார் எழுந்து பேசினாள். பேச்சின் நடுவே பொம்மியின் பக்கம் கையைக் காட்டினாள். கூட்டம் திரும்பிப் பார்த்துப் பரிவோடு சிரித்தது. உதவிக்கு வந்தவள் என்று சொல்லியிருக்கிறாள் என்பது புரியப் பாஷை தேவைப்படவில்லை.

பொம்மி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார்.

"நான் சொல்றதை அப்படியே இவங்ககிட்ட சொல்லுங்க. இந்தப் பொம்மை எல்லாம் நான் செஞ்சது. அந்த ஊர் மறையலை, அவங்க யாரும் சாகலை. ஒருத்தரைத் தவிர. அவர் என் அப்பா. அவர் திருடன் இல்லை, கடிகாரம் பழுது பார்த்தவர்."

சர்வேயர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையை மிக லேசாக, இல்லை என்று அசைத்தாள். அவர் ஒலிபெருக்கியை வாங்கி நாலு வாக்கியம் பேசினார்.

பொறுப்பாளர் அம்மாள் முகம் மலர்ந்தது. கூட்டம் கை தட்டியது.

பொம்மி சொன்னதில் மலரவும் கை தட்டவும் ஒன்றும் இருக்கவில்லை. "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

பதில் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. "இங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம், எல்லாம் எங்க அக்காகிட்ட கத்துக்கிட்டதுதான்னு சொன்னான்."

மாமியார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டீயில் ரொட்டி நனைக்கிற அதே நிதானத்தோடு.

மகளும் மகனும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அம்மாவுக்கு இந்த ஊர்ப் பாஷையில் நன்றி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு தெரியாது என்று பதினோரு வருஷமாக நம்பியிருந்தவர்கள் அவர்கள். மருத்துவமனை பெஞ்சுகளிலும், டிவி முன்னாலும், எதிர் வீட்டுக் கிழவியோடும் அவள் பாஷையைச் சேர்த்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. தெரியும் என்று சொன்னால் கடைக்குப் போ, பில் கட்டு என்று அனுப்புவார்கள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

அவள் எழுந்தாள். பொறுப்பாளர் அம்மாளைப் பார்த்து, உடைந்த சுள்ளிகளைப் பொறுக்கி அடுக்குகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். மருமகளைக் காட்டினாள், கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள், வலது கண்ணில் விரலை வட்டமாக வைத்துக் காட்டினாள்.

நாத்தனார் அவசரமாகப் பொறுப்பாளரிடம் ஏதோ சொன்னாள். மாமியார் அதையும் மருமகளுக்குத் தமிழில் சொன்னாள். "எனக்குப் புத்தி பிசகிடுச்சாம்."

பிறகு, பொம்மி ஏதாவது நினைத்துக்கொண்டுவிடப் போகிறாள் என்று பயந்தவள் போலச் சேர்த்துக்கொண்டாள். "உனக்காகப் பேசலை. பெத்த மக என்னைச் சூனியக்காரின்னு எழுதி வச்சிருக்கா. வாசல்ல நிக்கிறவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

பொறுப்பாளர் அம்மாள் யாரை நம்புவது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இதற்குப் பேச்சு உதவாது என்று பொம்மிக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, அந்த அம்மாளை உட்காரும்படி கையைக் காட்டினாள். தானும் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினாள். மஞ்சள் உடை அந்தச் சாம்பல் கூடத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

முகம் இல்லாத இரண்டு தலைகளை எடுத்தாள். இரண்டு ஊசிகளில் நூல் கோத்தாள். ஒரு தலையையும் ஒரு ஊசியையும் நாத்தனார் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் தைங்க அண்ணி. ரெண்டு பேரும் ஒண்ணா தைப்போம்."

நாத்தனார் அந்த ஊசியைத் தொடவில்லை.

பொம்மி மோவாயில் ஆரம்பித்தாள். குழி விழுகிற இடத்தில் உள்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டாள். மூக்கின் நீளத்துக்கு ஒற்றை இழை. மேல் புருவத்துக்கு நாலு தையல், கீழ்ப் புருவத்துக்கு மூன்று. கண்ணுக்கு அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாள். ஆரம்பத்தில் நாற்காலியில் இருந்தவர்கள் மெல்ல எழுந்து மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினார் ஒருவர். பொம்மி அந்த அம்மாளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் குனிந்து வேலை பார்க்கிற நினைப்போடு தைத்தாள்.

அரை மணி நேரம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையை அந்த அம்மாள் கையில் வைத்தாள்.

அவள் தன்னையே பார்த்தாள். புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள், தன்னுடையதையும் பொம்மையுடையதையும். பிறகு திரும்பி நாத்தனாரிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நாத்தனார் தலை நிமிரவில்லை. மாமியார் இந்தத் தடவை மொழிபெயர்க்கவில்லை. மகள் அல்லவா.

அலுவலக அறை சின்னது. ஐந்து பேரும் முட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. பொறுப்பாளர் அம்மாள் நேரடியாக விஷயத்துக்கு வந்தாள். மாமியார் வழியாகப் பொம்மிக்குச் சொன்னாள். பலகைகள் எல்லாம் இன்றைக்கே இறக்கப்படும். நாளை காலை பொம்மி வந்து, இருபத்து மூன்று பேரும் யார் யார் என்று சொல்ல வேண்டும், அதன்படி புதிதாக எழுதப்படும். நாளைக்குக் குடும்பமாக மலை ஏரி பார்க்கப் போவதாக ஏற்பாடு என்று சர்வேயர் இழுத்தார்.

"ஏரி எங்கேயும் போயிடாது. நான் இங்க வர்றேன்" என்றாள் பொம்மி. "இருபத்திரண்டு பேரைப் பத்தியும் சொல்றேன். அவங்க இங்கேயே இருக்கட்டும், ஊர் பார்த்த மாதிரி ஆச்சு. அப்பா மட்டும் இன்னிக்கே என்கூட வர்றார்."

மாமியார் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் தலையசைத்தாள். அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். எந்தப் பொருள் யார் மூலம் வந்தது என்று கோப்பு இருக்கும், அந்த ஆளின் கையெழுத்து இருந்தால்தான் வெளியே தர முடியும். அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். இருபத்து மூன்றாம் நம்பரில் நிறுத்தினாள். ஒரு பார்சல் சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

சர்வேயரின் கை அந்தப் பக்கத்தின் மேல் வந்து விழுந்தது.

பொம்மி அந்தக் கையைப் பார்த்தாள். "எடுங்க" என்றாள்.

எடுத்தார்.

பொம்மிக்கு அந்த ஊர் எழுத்துத் தெரியாது. எண் தெரியும். சீட்டில் இரண்டு இடத்தில் ஏழு இருந்தது. இரண்டுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. வரைபடத்தில் ஒன்றும் ஏழும் குழம்பிவிடக் கூடாது என்று அவர் போடுகிற கோடு. வீட்டுக் காலண்டரில், காஸ் புத்தகத்தில், அவர் எழுதுகிற எல்லா ஏழிலும் உண்டு. அதன் கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் இருந்த தேதியையும் பார்த்தாள். அலமாரி காலியாக இருந்ததை அவள் பார்த்த நாளுக்கு முந்தின நாள்.

"டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில தேடினீங்களே" என்றாள். குரல் உயரவில்லை. "என்னத்தைத் தேடினீங்க?"

அவர் சொல்லத் தொடங்கினார். அக்கா ஒன்று குறைகிறது என்றாள், இரண்டே மாசத்தில் திரும்பி வந்துவிடும் என்றாள், வந்ததும் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிடலாம் என்று இருந்தேன், பிறகு சொல்ல வாய் வரவில்லை. பொம்மி முழுதும் கேட்டாள். அவர் முடித்ததும் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அனுப்பினது நீங்க. வெளியே விடவும் உங்க கையெழுத்துதான் வேணுமாம். போடுங்க."

நாத்தனார் தம்பியின் முழங்கையைப் பிடித்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "போட்டா, நாம ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் செஞ்சோம்னு ஆயிடும்டா. நான் இந்த ஊர்ல வெளியே தலை காட்ட முடியாது. நீ போட வேண்டாம்."

சர்வேயர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அப்படியே இருந்தார். இத்தனை வருஷமாக அளக்காமல் விட்ட எல்லை அந்தத் தாளில் வந்து நின்றது.

பொம்மி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை மட்டும் அவள் ஒரு தடவைகூடத் தைத்ததில்லை. கண் மூடினால்கூடத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

கதவுக்கு வெளியே ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. காவலாளி எட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். தங்கள் முகத்தையும் தைத்துத் தருவாளா என்று வரிசையில் நிற்கிறார்களாம், பதினைந்து பேருக்கு மேல் இருக்குமாம். மாமியார் அதைச் சொல்லிவிட்டு, இங்கே முடியட்டும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லவா என்று கேட்டாள்.

பொம்மி ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். அவர் போட்டாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"பொறுக்க வேண்டாம் அத்தை. முதல்ல நிக்கிறவங்களை உட்காரச் சொல்லுங்க."